பழைய பூங்காவுக்கு வேலி: மதிலா, கம்பியா, செடியா? கையில் காசு கம்மி

நடை டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடல் சத்தம் ராத்திரியில் கேட்கிற தூரத்தில் இருக்கிற பேரூர் எங்களுடையது. ஊர் நடுவில் திருவிதாங்கூர் மகாராஜா காலத்துப் பூங்கா ஒன்று இருக்கிறது. 2 ஏக்கர் சொச்சம். வட்ட மேடை ஒன்று, தண்ணீர் வராத நீரூற்று ஒன்று, பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், ஒரு நாகலிங்கம். காலையில் அங்கே நடக்கிற நாங்கள் 30 பேர் சேர்ந்து பராமரிப்பை எங்கள் பொறுப்பில் கேட்டு வாங்கியிருக்கிறோம். வாங்கின பிறகுதான் தெரிகிறது, பூங்காவுக்கு மூன்று பக்கம் வேலியே இல்லை.

ரோட்டுப் பக்கம் 85 மீட்டருக்குப் பழைய இரும்பு அழி (கம்பித் தடுப்பு) இருக்கிறது. கருங்கல் வரிசையின் மேலே நட்டது. ஈட்டி முனை வைத்த, கனமான கம்பிகள். உப்புக் காற்றில் அடிப்பக்கம் பொரிந்து, அங்கங்கே கல்லும் விரிந்துவிட்டது. மற்ற மூன்று பக்கமும் சேர்த்து 285 மீட்டர். ஒரு காலத்தில் மயிலாடிக் கல்கால் (கல் தூண்) நட்டு மூன்று வரி கம்பி இழுத்திருக்கிறார்கள். கம்பி எப்போதோ போய்விட்டது. கல்காலில் பாதி சாய்ந்து கிடக்கிறது, மீதியில் சில பக்கத்து வீடுகளில் துணி துவைக்கிற கல்லாக இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

ஆடு, மாடு, ராத்திரியில் பாட்டில் கூட்டம், எல்லாம் அந்த மூன்று பக்கத்தால்தான் வருகிறது. போன மழைக்கு நட்ட கன்றுகளில் ஒன்றிரண்டுகூட மிஞ்சவில்லை. மதில் கட்ட எஸ்டிமேட் கேட்டால் 14 லட்சம் என்கிறார்கள். எங்கள் கையில் இருப்பது 80,000. அதோடு ஆளுக்கு மாதம் 200 தருவதாகச் சொல்லியிருக்கிறோம், இதுவரை தந்தும் வருகிறோம்.

இதில் ஒன்று எனக்குப் புரியவில்லை. எங்கள் அத்தைக்கு இப்போது வயது 88. அவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அந்த மூன்று பக்கமும் செடிவேலிதானாம், பசு ஒன்றுகூட உள்ளே வந்து பார்த்ததில்லையாம். அப்போது ஊரில் இப்போது இருப்பதைவிட மாடு அதிகம். மதிலும் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? அதே மாதிரி இப்போது முடியுமா? இரும்பு அழியை எடைக்குப் போட்டு அந்தக் காசில் வலைக்கம்பி அடிக்கலாம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு கட்சி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹாலோபிளாக் தம்பி:

டீச்சர், செடி வேலி எல்லாம் பழைய கதை. வெட்ட ஆள் கிடைக்காது. ரெடிமேட் சிலாப் மதில் பாருங்க, தூண் நட்டு சிலாப் சொருகிக்கிட்டே போறது. நாலு நாளில் வேலை முடியும். முழுசும் முடியல்லன்னா ஆடு வாற ஒரு பக்கம் மட்டும் இப்போ போடுங்க, மீதிக்கு எம்.எல்.ஏ. நிதி கேட்டு ஒரு மனு குடுங்க. கடல் பக்கம்னா தூணுக்குள்ள கம்பிக்கு மேல காங்கிரீட் கனம் நல்லா இருக்கணும், இல்லன்னா துரு ஏறி வெடிச்சிரும். வலைக்கம்பி உங்க காத்துக்கு வேண்டவே வேண்டாம். விலை குறைஞ்ச வலை சீக்கிரம் பொடிஞ்சு கையோட வரும்.

தோவாளை மேஸ்திரி:

டீச்சர், முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். அந்த இரும்பு அழியை எடைக்குப் போட ஒருத்தனையும் விடாதீங்க. காரணம் பொறவு சொல்லுதேன்.

நான் தோட்டக்கலையில மஸ்தூரா ஏறி மேஸ்திரியா இறங்கினவன். சர்வீஸ்ல பாதி ஊட்டி, குன்னூர் பக்கம், மீதி நம்ம மாவட்டம். படிச்சதைவிட வெட்டினது கூடுதல், அதனால எழுத்துல பிழை இருந்தா கண்டுக்கிடாதீங்க.

வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம், மகாராஜா காலத்துத் தோட்டம்னா காசு கொட்டிக் கிடந்ததுன்னு எல்லாரும் நினைக்கோம். அப்படியெல்லாம் இல்ல. ஊட்டித் தோட்டமே மொதல்ல காய்கறிப் பாத்திதான். 1840-கள்ல அங்க குடியிருந்த துரைமாரு ஆளுக்கு மாசம் 3 ரூபா சந்தா போட்டு, நல்ல காய்கறி கிடைக்கட்டுன்னு தொடங்கினது. உங்க 200 ரூபா மாதிரியே. அது நிலைக்கல்ல. பொறவு மெட்ராஸ் கவர்னர் ட்வீடேல் பிரபு காலத்துல பொதுத் தோட்டம்னு ஆகி, லண்டன் கியூ தோட்டத்துல தொழில் படிச்ச மெக்ஐவர் 1848-ல வந்து சேர்ந்தாரு. கீழ்ப்பக்கம் சதுப்பு, மேல்ப்பக்கம் சோலைக்காடு, எங்க பாத்தாலும் சரிவு. 22 ஹெக்டேரை, 55 ஏக்கர்னு வைங்க, ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர பத்து வருசம் போல ஆச்சு. அதுக்குள்ள 1860-ல சிங்கோனா வந்தது, மலேரியா காய்ச்சலுக்குக் கொய்னா எடுக்கிற மரம். சர்க்கார் கவனமும் பைசாவும் அங்கோட்டுப் போச்சு, அந்தத் தோப்பையும் இவரு தலையிலேயே கட்டினாங்க. ஒரே ஆள், ரெண்டு தோட்டம்.

இந்த நெலமையில 55 ஏக்கரைச் சுத்தி இரும்பு யாரு போடுவா? நல்ல வார்ப்பு அழி அந்தக் காலத்துல கப்பல்ல வரணும், பொறவு மாட்டுவண்டியில மலை ஏறணும். நான் வேலை பாத்த பழைய தோட்டங்கள்ல எல்லாம் ஒரே முறைதான் கண்டேன். ரோட்டைப் பாத்த பக்கம் இரும்பு. மத்த பக்கம் வெட்டி வளர்த்த செடி. சரிவு உள்ள எடத்துல கிடங்கு (நீளப் பள்ளம்) வெட்டி, அந்த மண்ணை உள்பக்கம் வரப்பாக் கோரி வச்சிருப்பாங்க. மாடு கிடங்குல இறங்கும், எதிர்க்கரை ஏறாது. துரைமாரு தெரிஞ்சோ தெரியாமலோ நம்ம ஊரு மண்வரப்பு வேலி, கையாலைன்னு சொல்லுவோமே, அதைத்தான் செஞ்சிருக்காங்க.

உங்க அத்தை சொன்ன செடி என்னன்னு கேட்டுப் பாருங்க. நூத்துக்குத் தொண்ணூறு கொடுக்காப்புளியா இருக்கும். மெட்ராஸ் ராஜதானி முழுக்க ரயில் பாதையோரமும் பங்களாவைச் சுத்தியும் வேலியா நின்னது அதுதான். மெக்சிகோக்காரச் செடி, மணிலா வழியா வந்தது. வறட்சி தாங்கும், ஓரளவு உப்புக் காத்தும் தாங்கும், வெட்ட வெட்டப் பக்கவாட்டுல பொட்டிக்கிட்டு வரும். இலைக்காம்பு அடியில ரெண்டு ரெண்டா முள்ளு. விதைக்குப் பைசா இல்ல, பங்குனி சித்திரையில பழம் தின்னுற பிள்ளைகள்ட்ட சொன்னா கறுப்பு விதையை டப்பா டப்பாவாக் கொண்டு தரும். புது விதை ரெண்டு நாள்ல மொளைக்கும். பழசை நம்பாதீங்க.

ஒரு அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்துல வாய்க்கால் மாதிரிக் கிடங்கு கீறி, சாணிப்பொடி கலந்து மூடி, ரெண்டு வரிசையா விதைக்கணும். செடிக்குச் செடி ஒரு அடி. ஒரு வரிசைச் செடி மறு வரிசை இடைவெளிக்கு நேரா நிக்கணும். உங்க 285 மீட்டருக்கு வரிசைக்கு 950 செடி, ரெண்டுக்கும் 1900. குழிக்கு மூணு விதை போடுங்க, நல்லதை விட்டுட்டு மத்ததைப் பிடுங்கிடலாம். நம்ம மாவட்டத்துக்கு ஆண்டவன் ரெண்டு மழை தந்திருக்கான், எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒண்ணு, துலாம் மழை (ஐப்பசி மழை) ஒண்ணு. எடவப்பாதி தொடங்கும்போ விதைச்சா துலாத்துக்குள்ள முழங்கால் உயரம் வந்திரும்.

இங்கதான் எல்லாவனும் சறுக்குது. செடி நல்லா வளருதே, வெட்டுனா பாவம்னு விட்டுருவான். ரெண்டு வருசத்துல தலைக்கு மேல போகும். மேல காடு, அடியில வெறும் தண்டு. ஆட்டுக்கு வேண்டியது அடியிலதானே! முழங்கால் உயரம் வந்ததும் பாதியா வெட்டணும். திரும்ப முழங்கால் வரும், ஒரு சாண் விட்டு வெட்டணும். இப்படி ஏணி மாதிரி ஏத்தி ஏத்தி இடுப்புக்கு மேல கொண்டுபோக மூணு வருசம். வெட்டும்போ அடி அகலம், மேல ஒடுக்கம், வெயில் அடியிலைக்கும் விழணும். மேல அகலமா விட்டா அடி நிழல்ல செத்துப் போகும்.

ஊட்டியில எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவரு சைப்ரஸ் வேலி வெட்டதைப் பாத்திருக்கணும். ரெண்டு பக்கமும் குச்சி நட்டு நூல் கெட்டுவாரு. கத்திரியை நேரா பிடிக்கமாட்டாரு, உடம்பைக் கொஞ்சம் பின்னால சாச்சு, கத்திரி வாய் மேல்நோக்கி உள்ள சாஞ்சாப்புல வச்சு கீழேயிருந்து மேல போவாரு. மேலேயிருந்து கீழ வெட்டினா வெட்டுன இலை வேலிக்குள்ளேயே சொருகி நிக்கும், ரெண்டு நாளையில காஞ்சு பழுப்புத் திட்டு தெரியும். முடிச்சதும் ஒரு மூங்கில் கம்பால வேலியை மேலாலத் தட்டுவாரு, ஒளிஞ்சுகிடந்த சருகெல்லாம் கொட்டும். பத்தடி தள்ளி நின்னு ஒரு கண்ணை மூடிப் பாத்துட்டு, எங்கேயாவது ஒரு இலை துருத்திக்கிட்டு நின்னா திரும்பிப் போய் அதை மட்டும் கிள்ளுவாரு.

இனி ஆடு. கொடுக்காப்புளித் தளிருன்னா ஆட்டுக்கு உயிரு. முள்ளு மூக்குல குத்தினாலும் விடாது. அதனால மொதல் ரெண்டு வருசம் செத்த வேலி ஒண்ணு வெளிப்பக்கம் வேணும். அகஸ்தீஸ்வரம் பக்கம் பனை உண்டல்லவா, கருக்குமட்டை கேளுங்க. மட்டையை ஒன்றரை அடி இடைவெளியில நட்டு, குறுக்கால ரெண்டு வரி மட்டை வச்சு பனைநாரால கெட்டினா ஆடு அந்தப் பக்கம் மூஞ்சியை வைக்காது, கருக்கு ரெண்டு பக்கமும் அரம். கிடைக்கலன்னா உடைமுள்ளு. மழைக்கு மழை கொஞ்சம் மாத்த வேண்டியிருக்கும். ஆடு கூடுதலா வாற பக்கத்துல வெளி வரிசை கொடுக்காப்புளிக்குப் பதிலா ஆடாதோடையும் நொச்சியும் கலந்து வைங்க, ரெண்டையும் அது தொடாது, கம்பு ஒடிச்சு நட்டாப் போதும்.

கள்ளி வேண்டாம். பிள்ளைகள் வாற எடம், பால் கண்ணுல பட்டா பெரிய வேதனை. சப்பாத்திக்கள்ளி கதை தெரியுமா? 1780-கள்ல மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு கும்பெனி டாக்டரு, சிவப்புச் சாயம் எடுக்கிற பூச்சியை வளர்க்கணும்னு சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டாரு. ஸ்பெயின்காரன் கையில இருந்த வியாபாரத்தைப் பிடிக்க ஆசை. பொறவு 1795-ல வங்காளத்துக்கு வந்து சேர்ந்த பூச்சி நல்ல சாயம் தாற இனம் இல்ல. சாயம் போச்சு, கள்ளி நின்னுட்டு, வேலியாவும் காடாவும் பரவிச்சு. கடைசியில ஒரு இனத்தை 1830-கள்ல அதே பூச்சிதான் தின்னு தீர்த்தது. பாக்கி நின்ன இனத்துக்கு 1926-ல இலங்கையிலேருந்து வேற பூச்சி கொண்டுவந்து விட்டாங்க. உண்ணிச்செடியும் 1800-களோட தொடக்கத்துல கல்கத்தா தோட்டத்துக்கு அழகுச் செடியா வந்ததுதான். நீலகிரியில வேலிக்குன்னு வச்ச மஞ்சப்பூ முள்ளுச்செடி ஒண்ணு, துரைமாரு கார்ஸ்னு சொல்லுவாங்க, இன்னைக்கும் புல்மேட்டைத் தின்னுக்கிட்டு நிக்கி. நர்சரிக்காரன் ‘வேகமா வளரும்’னு சொன்னா ஒரு அடி பின்னால போங்க.

இனி அந்த இரும்பு. கல்லுல குழி கொத்தி, கம்பியை இறக்கி, ஈயம் உருக்கி ஊத்தி நிப்பாட்டியிருப்பாங்க. கல்லு விரியுதுன்னா கம்பி துருவேறி வீங்குதுன்னு அர்த்தம். வெல்டிங்காரன் வந்து மொத வேலையா பத்த வைக்க விடாதீங்க. அது வார்ப்பிரும்பா அடிச்ச இரும்பான்னு பாக்கணும். வார்ப்பிரும்பை சாதா ராடு போட்டு வெல்டு பண்ணினா பக்கத்துலேயே கீறல் விடும், நிக்கல் ராடும் சூடு தெரிஞ்ச ஆளும் வேணும். கம்பி மெலிசா சுத்தியல் அடி தெரிஞ்சா அடிச்ச இரும்பு, அது இப்பத்த கம்பியைவிட துருவுக்குத் தாக்குப் பிடிக்கும். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, நல்ல தண்ணியால கழுவி உப்பை எடுத்து, காஞ்சதும் அன்னைக்கே பிரைமர். உப்பு இருக்கும்போதே பெயின்ட் அடிச்சா அது பாட்டுக்கு உள்ள பொரிஞ்சுக்கிட்டு இருக்கும். இப்படி நன்னாக்கினா 85 மீட்டர் அழி இன்னும் ஒரு தலைமுறை நிக்கும். எடைக்குப் போட்டா கிடைக்க பைசாவுக்கு அந்த 85 மீட்டருக்கே வலை முடியாது.

பைசா விசயம். நீங்க 80,000-ஐயே பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்கு பெருசாத் தெரியது மாசம் வாற 6000-தான். 80,000-ல கிடங்கு, எரு, கருக்குமட்டை, கல்கால் நிமித்துக் கூலி, அழிக்குப் பிரைமர் எல்லாம் ஒதுங்கிரும். 6000-க்கு விடியக்காலை ரெண்டு மணி நேரம் வாற ஒரு ஆளைப் போடுங்க. தண்ணி விடணும், விட்டுப்போன குழியில திரும்ப விதைக்கணும், மாடு நுழைஞ்ச ஓட்டையை அன்னைக்கே முள்ளு வச்சு அடைக்கணும். ஒரு மாடு நேத்து நுழைஞ்ச வழியை மறக்கவே மறக்காது. பழைய தோட்டம் எல்லாத்துலயும் காவல்காரன்னு ஒருத்தன் இருந்தான் பாருங்க, அவன்தான் வேலி. அந்தப் போஸ்ட்டை எடுத்த பிறகுதான் மதிலுக்கு எஸ்டிமேட் போடத் தொடங்கினாங்க.

பழைய பேப்பர்:

மேஸ்திரி அண்ணாச்சி சொன்னதோடு எனக்குத் தெரிந்ததையும் சேர்க்கிறேன். நான் ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள், மண்வெட்டி பிடித்ததில்லை.

மாடு வராததற்கு வேலி மட்டும் காரணம் இல்லை. பிரிட்டிஷ் பகுதிகளில் 1871-ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் (அரசின் மாட்டுக் கொட்டடியில்) அடைக்கலாம். தண்டமும் தீவனக் காசும் கட்டினால்தான் உரிமையாளருக்குத் திரும்பக் கிடைக்கும், யாரும் வராவிட்டால் ஏலம். திருவிதாங்கூரிலும் இதுபோல் இருந்திருந்தால், செடிவேலியில் ஓட்டை இருந்தாலும் மாட்டுக்காரர் மாட்டைக் கட்டிப் போட்டிருப்பார். இன்றைக்கு அந்தப் பயம் கிடையாது. செடிவேலி மட்டும் அத்தை காலத்து வேலையைச் செய்துவிடும் என்று நம்பி ஏமாற வேண்டாம். ஆடு வளர்க்கிற வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசுங்கள், வெட்டிப் போடும் தழையை அவர்களுக்கே கொடுப்பதாகச் சொல்லுங்கள்.

என் கவலை ஆட்டைவிடப் பெரிய மேய்ச்சலைப் பற்றியது. சென்னையில் 1859-ல் கவர்னர் ட்ரெவெலியன் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்றைப் போட்டார். 116 ஏக்கர். குளங்கள், பாதைகள், பேண்டு மேடை எல்லாம் இருந்தன. எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலையும் பிறகு அங்கேதான் வந்தது. இன்று சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குகிற நம்ம ஊர்க்காரர் யாருக்காவது அப்படி ஒரு பூங்கா இருந்தது தெரியுமா? விக்டோரியா பப்ளிக் ஹால், 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் கட்டடம், பிற்பாடு ஸ்டேடியம் என்று ஓரத்திலிருந்து தின்று தீர்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் பொது நன்மைதான். அதனால்தான் யாரும் தடுக்கவில்லை.

நம்ம பக்கத்தில் எதிர்ப்பக்க உதாரணம் திருவனந்தபுரம். அங்கே மியூசியம் 1857-லும் மிருகசாலை 1859-லும் வந்தன, 1880-ல் கட்டடக் கலைஞர் சிஷோம் வரைபடத்தில் நேப்பியர் மியூசியம் எழுந்தது. பூங்காவின் நடுவிலேயே கட்டடம் இருந்தும் பூங்கா பூங்காவாகவே நிற்கிறது. எல்லை எது என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஆகவே டீச்சர், கல்காலை நிமிர்த்துவதற்கு முன் எல்லையை அளந்து வாங்குங்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது, பழைய சர்வே பதிவுகள் மலையாளத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் கூட்டிப் போங்கள். துவைக்கிற கல்லாகப் போன கல்கால்களுக்குச் சண்டை போடாதீர்கள், அவை நின்ற குழிகளைக் கண்டுபிடியுங்கள். எல்லை எது என்று அந்தக் குழிகள் சொல்லும்.

இன்னொன்று. வேலி எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்கு வாசலும் வேண்டும். 1886 டிசம்பர் 31 அன்று அதே பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் ஓலை அடைப்பு தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மேடையில் விழா நடத்துகிற பூங்கா என்றால் எதிரெதிர் பக்கத்தில் இரண்டு வாசலாவது இருக்கட்டும்.

விளவங்கோட்டு விளைக்காரன்:

எங்க பக்கம் விளைக்கெல்லாம் (தோட்டத்துக்கெல்லாம்) சீமைக்கொன்னைதான். இடவப்பாதிக்கு கம்பு வெட்டி நட்டா மறு வருசம் வேலி. தழை தென்னைக்கு உரம். ஆடு தின்னும், அது உள்ளதுதான், ஆனா கம்பு பெருவிரல் கனத்துக்கு மேல இருந்தா தின்னுட்டுப் போனாலும் திரும்ப வரும். முள்ளு இல்லாததினால மாட்டைத் தடுக்காது, அதுக்கு எடையில ரெண்டு வரி கம்பி கட்டணும். கல்கால் போன எடத்துல பூவரசு போத்து (கிளைக்கம்பு) வைங்க டீச்சர். கை கனத்துக்கு ஆறடி போத்து வெட்டி, அடியைச் சரிச்சுச் சீவி, ஒன்றரை அடி இறக்கி, தலையில சாணி அப்பிட்டா போதும். கடக்கரை மரம், உப்பு அதுக்கு ஒரு விசயமே இல்ல. ஒக்கிப் புயலுக்கு எங்க விளையில ரப்பர் எல்லாம் படுத்துட்டு, மதிலும் ஒரு பக்கம் சாஞ்சு, வேலிப் பூவரசு ஒண்ணுகூட விழல்ல.

நடை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. அத்தையிடம் கேட்டேன். “கொடுக்காப்புளியேதான், சட்டை கிழிஞ்சு அம்மைட்ட அடி வாங்கியிருக்கேன்” என்றார். எல்லை அளக்க மனு கொடுத்துவிட்டோம்.

இரண்டு சந்தேகம் மேஸ்திரி அண்ணாச்சியிடம். எங்கள் குழுவில் பாம்புப் பயம் பெரிதாக இருக்கிறது, செடிவேலி என்றாலே பாம்பு வரும் என்கிறார்கள். அடுத்தது தண்ணீர். பூங்காக் கிணற்றில் சித்திரை, வைகாசியில் கை கழுவத்தான் தண்ணீர் இருக்கும், அதுவும் கொஞ்சம் கரிக்கும். 1900 செடிக்கு எங்கே போவது?

தோவாளை மேஸ்திரி:

பாம்பு வேலிக்கு வராது டீச்சர், எலிக்கு வரும். மேடைக்குப் பின்னால பொரி, சுண்டல் பொட்டலம் எறிஞ்சு எலி வளர்க்கது யாரு? அதை நிப்பாட்டுங்க. வேலிக்கு உள்பக்கம் மூணடி அகலத்துக்குப் புல்லுகூட இல்லாம செத்தி வைக்கணும். வெட்டுன தழையை வேலி அடியில குவிச்சு வைக்கப்பிடாது, அன்னைக்கே வாரணும். அந்த மூணடியிலதான் உங்க ஆளு தினமும் நடக்கணும். ஒரு கம்பும் கையில இருக்கட்டு.

தண்ணிக்கு அவ்வளவு பயப்படாதீங்க. மழையோட விதைக்கதுதான் பாதித் தண்ணிச் செலவைக் குறைக்கும், நாத்து வாங்கி வெயில்ல நட்டாத்தான் கஷ்டம். ரெண்டு மழையும் குடிச்ச செடிக்கு மாசி தொடங்கி அடுத்த எடவப்பாதி வரைதான் கை கொடுக்கணும். கிடங்கை முழுசா மேடு தட்டாம நாலு விரல் பள்ளமா விடுங்க, ஊத்துற தண்ணி ஓடாம நிக்கும். மேல தென்னஞ்சோறு (தேங்காய் மட்டையில நார் எடுக்கும்போ உதிர்ற தூள்), காய்ஞ்ச தழை மூடாக்குப் போடுங்க, கிட்டத்துல கயிறு திரிக்கிற எடம் இருந்தா சோறு சும்மா தருவாங்க. ஆனா அதுலயும் உப்பு கிடக்கும், ஒரு மழையில நனையப் போட்டுட்டு எடுங்க. வாரத்துக்கு ரெண்டு நனைப்பு போதும், கொஞ்சம் கரிச்சாலும் கொடுக்காப்புளி பொறுத்துக்கிடும். கரிக்கிற தண்ணியை இலையில தெளிக்காம அடியில ஊத்தச் சொல்லுங்க.

எல்லாத்தையும் ஒரே வருசத்துல செய்யாண்டாம். ஆடு வாற பக்கம் எதுவோ அதை மொதல்ல எடுங்க, 100 மீட்டர் ஒழுங்கா வந்தா மத்தது தன்னால வரும். மூணு பக்கமும் தொடங்கி ஒண்ணும் முடியாமக் கிடந்தா அந்த மதில்கட்சிக்காரன் சிரிப்பான். விளவங்கோட்டுக்காரர் சொன்ன பூவரசு நல்ல யோசனை, ஆனா அதுல ஆணி அடிச்சுக் கம்பி இழுக்காதீங்க, கயிறு சுத்திக் கெட்டுங்க.

கத்திரி வாங்கும்போ நாகர்கோவில்ல பளபளன்னு தொங்குறதை வாங்காதீங்க. பிடியில மரம் வச்சது, நடுத்திருகாணி கழத்தி இறுக்கக்கூடியது பாத்து எடுங்க. எங்கிட்ட பழசு ஒண்ணு சும்மா கிடக்கு, சாணை பிடிச்சுத் தாறேன். மொத வெட்டுக்கு நான் வாறேன், ஆளுக்கும் காட்டிக் குடுக்கணுமே. ஞாயிறு வேண்டாம், அன்னைக்குத் தோவாளையில எனக்குப் பூவேலை. மத்த நாள் எதுன்னாலும் காலையில அஞ்சரைக்குப் பஸ் ஏறிருவேன்.